ரொட்டியும் வரியும்: இங்கிலாந்தின் தானியச் சட்டங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமைகளில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு வரலாறு சொல்லித் தருகிறேன். 1815 முதல் 1846 வரை இங்கிலாந்தில் இருந்த தானியச் சட்டங்கள் வந்தால் போதும், வருடா வருடம் அதே சந்தேகங்கள் வரும். பாடப்புத்தகத்தில் இதற்கு ஒரு பத்திதான் இருக்கிறது. பிள்ளைகள் கேட்கும் கேள்விகளோ ஒரு பத்தியில் அடங்குவதில்லை. அவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, நான் சொல்லும் பதில்களைக் கீழே தந்திருக்கிறேன்.

சார், "கார்ன் லாஸ்"னா மக்காச்சோளத்துக்குப் போட்ட சட்டமா?

இல்லை. இங்கிலாந்தில் "கார்ன்" என்றால் பொதுவாகத் தானியம்: கோதுமை, பார்லி, ஓட்ஸ், ரை எல்லாமே. அமெரிக்காவில் அந்தச் சொல் மக்காச்சோளத்தை மட்டும் குறிக்கப் போய்த்தான் இந்தக் குழப்பம். ஆங்கிலேயர் மக்காச்சோளத்தை "இந்தியன் கார்ன்" என்றார்கள். அந்த இந்தியன் கார்னும் பின்னால் அயர்லாந்துக் கதையில் வரும். அதனால் இப்போதே பிரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாத் தானியத்துக்கும் சட்டம் இருந்தாலும் சண்டை முழுக்கக் கோதுமையைச் சுற்றித்தான். நகரத்து ஏழை சாப்பிட்ட ரொட்டி கோதுமை ரொட்டி.

அந்தச் சட்டம் சரியா என்ன சொல்லுது? வரியா, தடையா?

1815-ல் வந்தது ஏறக்குறையத் தடைதான். உள்நாட்டில் கோதுமை விலை ஒரு குவார்ட்டருக்கு 80 ஷில்லிங்கைத் தொடும் வரை வெளிநாட்டுக் கோதுமையை உள்நாட்டுச் சந்தையில் விற்க முடியாது. 80-ஐத் தொட்டுவிட்டால் வரியே இல்லாமல் வரலாம். கனடா போன்ற பிரிட்டிஷ் வட அமெரிக்கக் குடியேற்றங்களுக்கு மட்டும் சலுகை, அவர்களுக்கு எல்லை 67 ஷில்லிங். வருடத்துக்கு 4 முறை சராசரி விலையைப் பார்த்துத் துறைமுகத்தைத் திறப்பதா மூடுவதா என்று முடிவு செய்வார்கள்.

குவார்ட்டர் என்பது 8 புஷல். கோதுமையில் சுமார் 218 கிலோ வரும். நம்ம ஊர் 75 கிலோ மூட்டைக் கணக்கில் மூன்று மூட்டைக்குக் கொஞ்சம் குறைவு. 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. இந்த அளவுகளை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிது.

80 ஷில்லிங்னா ஒரு சாதாரண ஆளுக்கு எவ்வளவு பெரிய தொகை?

கையோடு கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். ஓர் ஆள் வருடத்துக்கு ஒரு குவார்ட்டர் கோதுமை சாப்பிடுவான் என்பது அந்தக் காலத்து வழக்கமான மதிப்பீடு. வீட்டில் 5 பேர் என்றால் 5 குவார்ட்டர். 80 ஷில்லிங் விலையில் 400 ஷில்லிங்.

இங்கிலாந்தின் தெற்கு மாவட்டங்களில் பண்ணைக் கூலியாளுக்கு வாரத்துக்கு 7, 8, 9 ஷில்லிங்தான் கிடைத்தது. 8 என்று வைத்தால் 52 வாரத்துக்கு 416 ஷில்லிங். அதாவது ஒரு வருடக் கூலி முழுவதையும் கொடுத்தால் ரொட்டிக்கு மட்டும் சரியாகப் போகும். வாடகை, துணி, விறகு எதற்கும் மிச்சம் இல்லை. விலை எப்போதும் 80-ல் நிற்கவில்லை, மனைவியும் பிள்ளைகளும் வேலைக்குப் போனார்கள், பல வீடுகளில் உருளைக்கிழங்கும் பார்லியும் தின்று சமாளித்தார்கள். அதெல்லாம் சரி. ஆனால் சட்டம் "இந்த விலை வரும் வரை வெளியிலிருந்து தானியம் வேண்டாம்" என்று கோடு போட்ட இடம் இது. கரும்பலகையில் இந்தக் கணக்கை எழுதும்போதெல்லாம் வகுப்பு அமைதியாகிவிடும்.

1815-ல் ஏன் திடீர்னு கொண்டுவந்தாங்க? அதுக்கு முன்னாடி வரியே இல்லையா?

இருந்தது. தானிய வணிகத்தில் அரசு தலையிடுவது அங்கே பழைய வழக்கம். 1689-ல் உள்நாட்டு விலை குறைவாக இருக்கும்போது கோதுமையை வெளியே அனுப்பினால் குவார்ட்டருக்கு 5 ஷில்லிங் ஊக்கத்தொகைகூடக் கொடுத்தார்கள். அப்போது இங்கிலாந்து தானியம் விற்கும் நாடு. 18-ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் மக்கள்தொகை ஏறி, வாங்கும் நாடாக மாறிவிட்டது. 1804-லும் ஒரு சட்டம் வந்தது. விலை 63 ஷில்லிங்குக்குக் கீழே இருந்தால் 24 ஷில்லிங்குக்கு மேல் வரி.

அப்புறம் நெப்போலியன் போர். கடல் வழி வரத்து தட்டுப்பட்டது, விளைச்சலும் பொய்த்தது. 1812-ல் கோதுமையின் ஆண்டுச் சராசரி விலை 126 ஷில்லிங்கைத் தாண்டியது. அந்த விலையை நம்பி மேட்டு நிலத்தையும் மேய்ச்சல் நிலத்தையும் உழுதார்கள், கடன் வாங்கினார்கள், நிலச் சொந்தக்காரர்கள் குத்தகையை ஏற்றினார்கள். போர் முடிந்த 1815-ல் சராசரி 65 ஷில்லிங்குக்கு வந்துவிட்டது. 126-க்குப் போட்ட கணக்கு 65-ல் எப்படி நிற்கும்? நாடாளுமன்றத்தில் உட்கார்ந்திருந்தவர்களில் பெரும்பாலோர் நிலச் சொந்தக்காரர்கள். போர்க்காலத்துக் குத்தகையைக் காப்பாற்றச் சட்டம் போட்டார்கள்.

எதிர்ப்பு அன்றைக்கே இருந்தது. 1815 மார்ச்சில் லண்டன் தெருக்களில் கலவரம். மசோதாவைக் கொண்டுவந்த ஃபிரெடரிக் ராபின்சன் வீட்டைக் கூட்டம் தாக்கியது, அங்கே சுடப்பட்டு ஆட்கள் இறந்தார்கள். நாடாளுமன்றத்தைச் சுற்றிச் சிப்பாய்களை நிறுத்திவைத்துத்தான் சட்டத்தை நிறைவேற்றினார்கள். 4 வருடம் கழித்து, 1819 ஆகஸ்ட் 16-ல், மான்செஸ்டர் செயின்ட் பீட்டர்ஸ் திடலில் வாக்குரிமை கேட்டுக் கூடியவர்கள் மீது குதிரைப்படை பாய்ந்ததே, பீட்டர்லூ என்பார்கள், அங்கே மக்கள் பிடித்திருந்த கொடிகளில் "தானியச் சட்டம் வேண்டாம்" என்பதும் இருந்தது.

விவசாயியைக் காப்பாத்தத்தானே போட்டாங்க? அதுல என்ன தப்பு?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது, ஏனென்றால் கேட்பவர்கள் பெரும்பாலும் விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள். பதில் "விவசாயி" என்ற சொல்லுக்குள் இருக்கிறது. அன்றைய இங்கிலாந்துக் கிராமத்தில் மூன்று அடுக்கு. மேலே நிலச் சொந்தக்காரர், அவர் ஏர் பிடித்ததே இல்லை. நடுவில் பணம் போட்டுப் பயிர் வைக்கும் குத்தகைதாரர். கீழே வாரக் கூலிக்கு உழைப்பவர். பழைய தஞ்சாவூர் ஜில்லாவின் மிராசுதார், குத்தகைதாரர், பண்ணையாள் என்ற வரிசையை நினைத்துக்கொண்டால் ஓரளவு பொருந்தும்.

விலை ஏறும் என்று சட்டம் உறுதி சொன்னால் என்ன ஆகும்? அடுத்த முறை குத்தகை பேசும்போது சொந்தக்காரர் அந்த விலையை வைத்துத் தொகை கேட்பார். குத்தகைதாரர் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடுவார். பிறகு விளைச்சல் நன்றாக இருந்து விலை சரிந்தால் குத்தகைத் தொகை மட்டும் அப்படியே நிற்கும். 1822-ல் கோதுமை 45 ஷில்லிங்குக்கும் கீழே போனபோது நொடித்துப்போனவர்கள் இந்த நடு அடுக்குக்காரர்கள். அதாவது நிச்சயமான லாபம் மேலே போனது, ஆபத்து நடுவில் தங்கியது.

கீழ் அடுக்குக்கு வந்தது ஒன்றுமே இல்லை. கூலியாளுக்கு நிலம் கிடையாது. அவரும் ரொட்டியை விலை கொடுத்துத்தான் வாங்கினார். 1834-ல் டால்படில் கிராமத்தில் சங்கம் வைத்ததற்காக 6 பேரை ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தினார்கள். அவர்கள் கேட்டது, 9 ஷில்லிங்கிலிருந்து 7-க்கு இறக்கப்பட்ட வாரக்கூலியை மேலும் குறைக்காதீர்கள் என்பதுதான். தானியச் சட்டம் முழு அமலில் இருந்த காலம் அது! 1846 ஜனவரியில் வில்ட்ஷயர் மாவட்டத்துக் கோட்டேக்கர் கிராமத்தில், கூடுவதற்கு ஒரு மண்டபம்கூட இல்லாமல், பண்ணைக் கூலிகள் இரவில் திறந்தவெளியில் கூடித் தங்கள் பசியைப் பேசினார்கள். "எனக்குப் பாதுகாப்பு இருக்கு, நான் பட்டினி கிடக்கேன்" என்று ஒரு கூலியாள் சொன்ன சொல் அன்றைக்கு நாடு முழுக்கப் பரவியது. சட்டத்தின் பெயர் பாதுகாப்பு. யாருக்கு என்பதை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

வெளிநாட்டுத் தானியத்தைத் தடுத்தும் விலை ஏன் விழுந்துச்சு?

உள்நாட்டு விளைச்சலைச் சட்டத்தால் தடுக்க முடியாது என்பதால். நல்ல மழை, நல்ல வெயில் வந்தால் எல்லார் வயலிலும் விளையும், விலை இறங்கும். 1835-ல் 39 ஷில்லிங் வரை போனது. தானியச் சட்டங்கள் இருந்த அதே காலத்தில், 1817-ல், கிட்டத்தட்ட 97 ஷில்லிங். 1815 ஏப்ரலில் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்து, அது கக்கிய கந்தக வாயுவால் அடுத்த வருடம் ஐரோப்பாவில் கோடையே வராமல் போனது. அதன் விளைவு அந்த 97. ஆக, நிலையான விலை தருகிறேன் என்று வந்த சட்டங்களின் கீழே விலை 39-க்கும் 97-க்கும் இடையில் ஊசலாடியது.

"ஸ்லைடிங் ஸ்கேல்" எத்தனை தடவை படிச்சாலும் புரியலை சார்.

ஏறி இறங்கும் வரி என்று சொல்லுங்கள், பயம் போய்விடும். 80-க்குக் கீழே முழுத் தடை என்பது மொட்டையான ஏற்பாடு என்று தெரிந்துபோனதும் 1828-ல் பிரதமர் வெலிங்டனின் அரசு மாற்றியது. உள்நாட்டு விலை குறைவாக இருந்தால் வரி கனமாக இருக்கும், விலை ஏற ஏற வரி குறையும். பட்டியலில் சில வரிகள் மட்டும்: விலை 62 ஷில்லிங் என்றால் வரி 24 ஷில்லிங் 8 பென்ஸ். 66 என்றால் 20 ஷில்லிங் 8 பென்ஸ். 70 என்றால் 10 ஷில்லிங் 8 பென்ஸ். 72 என்றால் 2 ஷில்லிங் 8 பென்ஸ். 73-ஐத் தொட்டால் வெறும் 1 ஷில்லிங்.

இப்போது உங்களை ஒரு தானிய வியாபாரியாக நினைத்துக்கொள்ளுங்கள். பால்டிக் கடலோர டான்சிக் துறைமுகத்திலிருந்து வந்த கோதுமை லண்டன் கப்பல்துறையில் சுங்கக் கிடங்கில் இருக்கிறது. கிடங்கிலிருந்து வெளியே எடுக்கும்போதுதான் வரி. இன்றைய விலை 66. இன்றே எடுத்து விற்றால் வரி போகக் கையில் 45 ஷில்லிங் 4 பென்ஸ் நிற்கும். விலை 73 ஆகும் வரை காத்திருந்தால் 72 ஷில்லிங் நிற்கும். சந்தை விலை ஏறியது 7 ஷில்லிங்தான், உங்களுக்குக் கூடியது 26 ஷில்லிங் 8 பென்ஸ். நீங்கள் எடுப்பீர்களா, காத்திருப்பீர்களா?

எல்லாரும் காத்திருந்தார்கள். ஊரில் தானியத் தட்டுப்பாடு, கிடங்கில் மூட்டை அடுக்கு. விலை 73-ஐத் தொட்டதும் எல்லாக் கதவும் ஒரே வாரத்தில் திறக்கும், 1838 செப்டம்பரில் நடந்தது போல. ஏழை பல மாதம் அதிக விலை கொடுத்த பிறகு தானியம் வரும். புது அறுவடையோடு சந்தைக்கு வரும் உள்நாட்டுக் குத்தகைதாரர், வெள்ளமாக வந்த வெளிநாட்டுக் கோதுமையோடு மோதுவார். அரசுக்கும் 1 ஷில்லிங்தான் வரும்படி. இது போதாதென்று, வரியைத் தீர்மானிப்பது குறிப்பிட்ட நகரச் சந்தைகளின் 6 வாரச் சராசரி என்பதால், வியாபாரிகள் தங்களுக்குள்ளேயே ஏற்றிய விலைக்கு விற்றதாகக் காட்டிச் சராசரியைத் தூக்கிவிடும் வேலையும் நடந்தது. 1842-ல் பிரதமர் ராபர்ட் பீல் உச்ச வரியை 20 ஷில்லிங்காகக் குறைத்து, இந்தச் செங்குத்துச் சரிவைக் கொஞ்சம் சமப்படுத்தினார். நோய் முழுதாகத் தீரவில்லை.

ரிக்கார்டோவும் மால்தஸும் நண்பர்கள்தானே? இதுல ஏன் எதிரெதிர் பக்கம்?

அந்தக் காலத்துப் பொருளியல் அறிஞர்களான இருவரும் நண்பர்கள்தான், கடைசி வரை. 1815-லேயே இருவரும் இதைப் பற்றி எழுதிவிட்டார்கள். டேவிட் ரிக்கார்டோவின் வாதம்: தானியத்தைத் தடுத்தால் மட்டமான நிலத்தையும் உழ வேண்டிவரும், செலவு ஏறும், அந்த ஏறிய விலையில் நல்ல நிலத்துக்காரருக்கு உழைக்காமலே குத்தகை கூடும், தொழிலில் லாபம் சுருங்கும். மேலே மூன்று அடுக்கு பற்றிச் சொன்னதன் கோட்பாட்டு வடிவம் இது.

மால்தஸ் தடையை ஆதரித்தார். சோற்றுக்கு வெளிநாட்டை நம்பியிருந்தால் போர் வரும்போது, அல்லது அந்த நாட்டிலும் விளைச்சல் பொய்க்கும்போது, என்ன செய்வீர்கள் என்பது அவருடைய கவலை. அந்தக் கவலையை நான் அலட்சியமாகச் சொல்ல மாட்டேன். நெப்போலியன் போர் முடிந்த சூடு ஆறாத நேரம் அது.

ரத்து செய்யச் சொன்னவங்க மில் முதலாளிங்கதானே? கூலியைக் குறைக்கத்தானே கேட்டாங்க?

பாதி உண்மை. 1839-ல் மான்செஸ்டரில் உருவான தானியச் சட்ட எதிர்ப்புக் கழகத்தின் தலைவர்களில் ரிச்சர்ட் காப்டன் சீட்டித் துணி அச்சடிப்பு வியாபாரி, ஜான் பிரைட் ராச்டேல் மில் குடும்பம். ரொட்டி மலிந்தால் கூலி ஏற்றும் நெருக்கடி குறையும், தானியம் விற்கும் நாடுகள் நம் துணியை வாங்கும் என்ற கணக்கு அவர்களுக்கு இருந்தது. வாக்குரிமைக்காகப் போராடிய சார்ட்டிஸ்ட் தொழிலாளர்கள் "மலிவு ரொட்டி என்றால் மலிவுக் கூலி" என்று சந்தேகப்பட்டார்கள். கழகக் கூட்டங்களுக்குள் புகுந்து கலாட்டாவும் செய்தார்கள். அந்தச் சந்தேகம் நியாயமானது. ரொட்டி கேட்ட அதே முதலாளிகளில் பலர் வேலை நேரத்தைச் சட்டம் போட்டுக் குறைப்பதை எதிர்த்தார்கள், ஜான் பிரைட் உட்பட.

ஆனாலும் கூலி வாங்கிப் பிழைப்பவருக்கு ரொட்டி மலிவது நல்லது என்பது பொய்யாகிவிடாது. கழகம் அதை மக்களிடம் கொண்டுபோன விதம் இன்றைக்கும் பாடம். கூட்டங்களில் பெரிய ரொட்டி ஒன்றையும் சின்ன ரொட்டி ஒன்றையும் தூக்கிக் காட்டுவார்கள்: ஒரே காசுக்கு வரியில்லாமல் இது, வரியோடு இது. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புரியும். 1840-ல் ஒரு பென்னித் தபால் வந்ததும் துண்டுப்பிரசுரங்கள் லட்சக்கணக்கில் வீடுகளுக்குப் போயின.

பீல் கன்சர்வேடிவ் தலைவர்தானே, அவரே ஏன் ரத்து செஞ்சார்? அயர்லாந்துப் பஞ்சம்தான் காரணமா?

பஞ்சம் நெருக்கித் தள்ளியது, மனம் அதற்கு முன்பே மாறியிருந்தது. 1842-ல் வரியைக் குறைத்தபோதே அவர் சாய்ந்துகொண்டிருந்தார். 1845 மார்ச்சில் நாடாளுமன்றத்தில் காப்டன் பேசி முடித்ததும், பீல் தன் குறிப்புத்தாளைக் கசக்கிவிட்டுப் பக்கத்தில் இருந்த சிட்னி ஹெர்பர்ட்டிடம் "நீங்கள் பதில் சொல்லுங்கள், என்னால் முடியாது" என்றாராம். அந்த இலையுதிர் காலத்தில் அயர்லாந்தில் உருளைக்கிழங்கு அழுகத் தொடங்கியது. பெருவாரியான ஏழைகள் அதை மட்டுமே தின்று வாழ்ந்த நாடு. பீல் அமெரிக்காவிலிருந்து 1 லட்சம் பவுண்டுக்கு இந்தியன் கார்ன், அதாவது மக்காச்சோளம், வாங்க ஏற்பாடு செய்தார்.

1846 மே 15-ல் மக்களவையில் 327-க்கு 229 என்று ரத்து மசோதா நிறைவேறியது. பீலின் சொந்தக் கட்சியில் பெரும்பாலோர் எதிர்த்து வாக்களித்தார்கள், எதிர்க்கட்சியான விக் ஆதரவில்தான் ஜெயித்தது. ஜூன் 25-ல் பிரபுக்கள் சபையும் ஏற்றது. அதே இரவில் அயர்லாந்து குறித்த இன்னொரு மசோதாவில் அவரைத் தோற்கடித்தார்கள். நான்கு நாளில் பதவி விலகினார், கட்சி இரண்டாக உடைந்தது.

அயர்லாந்தை இது காப்பாற்றவில்லை என்பதையும் சேர்த்துப் படியுங்கள். வரி ஒரேயடியாகப் போகவில்லை. முதலில் உச்சம் 10 ஷில்லிங்காகக் குறைந்தது, 1849 பிப்ரவரியில்தான் 1 ஷில்லிங் ஆனது. அதைவிட முக்கியம், அயர்லாந்து ஏழையிடம் தானியம் எந்த விலைக்கு வந்தாலும் வாங்கக் காசு இல்லை. பஞ்சம் நடந்த வருடங்களிலும் அங்கிருந்து இங்கிலாந்துக்குத் தானியம் கப்பல் ஏறியது. சுமார் 10 லட்சம் பேர் செத்தார்கள். அதற்கும் மேற்பட்டவர்கள் ஊரை விட்டுப் போனார்கள்.

ரத்தானதும் ரொட்டி விலை பாதியாயிடுச்சா?

இல்லை. 1850-களில் கோதுமை சராசரியாக 50 ஷில்லிங்கைச் சுற்றியே இருந்தது. கிரிமியப் போரின்போது 1855-ல் 74-க்கு மேல் போனது. ஐரோப்பாவில் உடனடியாகக் கொட்டுவதற்கு அவ்வளவு மிகுதித் தானியம் இல்லை. ரத்தானால் நாசம் என்று கத்தியவர்களும், ரத்தானால் சொர்க்கம் என்று சொன்னவர்களும் அடுத்த 25 வருடத்துக்குத் தவறாகவே இருந்தார்கள்.

அப்போ விவசாயிங்க பயந்தது தேவையில்லாத பயமா?

அதுவும் இல்லை. பயம் ஒரு தலைமுறை தள்ளிப் பலித்தது. 1870-களில் அமெரிக்கப் புல்வெளிகள் வரை ரயில் போய்விட்டது, நீராவிக் கப்பல் கட்டணம் விழுந்தது. 1879-ல் இங்கிலாந்தில் ஓயாத மழை, மோசமான அறுவடை. பழைய காலமாக இருந்தால் விளைச்சல் குறைந்ததற்கு விலையாவது ஏறிக் கொஞ்சம் கைகொடுக்கும். அந்த வருடம் அமெரிக்கக் கோதுமை வந்து இறங்கியது, விலை ஏறவில்லை. விளைச்சலும் போய் விலையும் போன அந்த இரட்டை அடியை விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 1894-ல் கோதுமை 22 ஷில்லிங் 10 பென்ஸ். கோதுமை விளைந்த பரப்பு 20 வருடத்தில் பாதிக்கும் கீழே போனது.

மத்த நாடுகளும் இப்படித் திறந்து விட்டாங்களா?

பெரிய நாடுகள் கதவைச் சாத்தின. ஜெர்மனியில் பிஸ்மார்க் 1879-ல் டன்னுக்கு 10 மார்க் வரி போட்டார், 1887-ல் அது 50 ஆனது. எல்பே ஆற்றுக்குக் கிழக்கே பெரும்பண்ணை வைத்திருந்த யுங்கர் பிரபுக்களும் இரும்புத் தொழிலதிபர்களும் கைகோத்த ஏற்பாடு அது. நிலம் யார் கையில் என்ற கேள்வி அங்கேயும் அப்படியே வருகிறது. பிரான்ஸ் 1880-களில் தொடங்கி, 1892-ல் மெலின் என்ற அரசியல்வாதியின் பெயரால் அறியப்படும் கட்டணப் பட்டியல் வரை ஏற்றிக்கொண்டே போனது. அங்கே சிறு நிலக்காரர்கள் அதிகம் என்பதால் பலன் கொஞ்சம் பரவலாகவே போனது.

டென்மார்க் சாத்தவில்லை. மலிவாக வந்த தானியத்தை மாட்டுக்கும் பன்றிக்கும் தீவனமாகப் போட்டு, வெண்ணெயும் பன்றி இறைச்சியும் இங்கிலாந்துக்கு விற்றது. 1882-ல் முதல் கூட்டுறவுப் பால் பண்ணையைத் தொடங்கிச் சிறு விவசாயிகள் சேர்ந்தே அதைச் செய்தார்கள். எனக்கு இதில் மிகவும் மனசுக்குப் பிடித்த பகுதி இதுதான். ஆனால் நிலம் அவர்கள் கையில் இருந்தது, பள்ளிக்கூடம் இருந்தது, சங்கம் இருந்தது. அவை இல்லாத இடத்தில் போய் "டென்மார்க்கைப் பார்" என்று சொல்வது சரியாகாது.

அப்போ இன்னிக்கு நம்ம விவசாயிக்கு இறக்குமதி வரி வேணுமா, வேண்டாமா? நேராச் சொல்லுங்க.

தேவைப்படும் பயிருக்கு வேண்டும் என்பது என் கருத்து. தானியச் சட்டத்தைக் காட்டி "வரி என்றாலே மோசடி" என்பவர்களை நான் ஏற்கவில்லை. அன்றைய இங்கிலாந்தில் சில ஆயிரம் குடும்பங்கள் நாட்டு நிலத்தில் பெரும்பகுதியை வைத்திருந்தன. நம் நாட்டில் பெரும்பாலான விவசாயிகளுக்கு 5 ஏக்கருக்கும் குறைவு. அவர்களில் பலர் தானியத்தைக் கடையிலும் வாங்குகிறவர்கள், அதையும் மறக்கக் கூடாது. என் அப்பா வாய்மொழிக் குத்தகைக்கு நிலம் உழுதவர். நெல் விலை ஏறிய வருடம் குத்தகை நெல்லும் ஏறியதை நான் வீட்டில் பார்த்திருக்கிறேன். அதனால் எந்த வரியைப் பற்றிப் பேசினாலும் நான் முதலில் கேட்பது, ஏறும் விலை களத்தில் நிற்கிறவர் கைக்குப் போய்ச் சேருமா என்பதைத்தான்.

இதுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் சார்? தேர்வுக்கு மட்டும்தானா?

ஆட்களைப் பின்தொடர்ந்தால் சென்னைக்கே வந்துவிடலாம். மால்தஸ் வேலை பார்த்தது ஹெய்லிபரியில், கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகளைப் பயிற்றுவித்த கல்லூரியில். அங்கே படித்த சார்லஸ் டிரெவெலியன், அயர்லாந்துப் பஞ்ச நிவாரணத்தின் பொறுப்பில் இருந்து, சந்தையில் அரசு அதிகம் தலையிடக் கூடாது என்று கைப்பிடியை இறுக்கியவர். 1859-ல் அவர் சென்னை ஆளுநராக வந்தார். தானியச் சட்டத்தை எதிர்த்து 1843-ல் லண்டனில் எகனாமிஸ்ட் பத்திரிகையைத் தொடங்கிய ஜேம்ஸ் வில்சன், அதே சமயத்தில் கல்கத்தாவுக்கு நிதி உறுப்பினராக வந்து 1860-ல் இந்தியாவின் முதல் வருமான வரியைப் போட்டார். அதைப் பகிரங்கமாக எதிர்த்ததற்காக டிரெவெலியனின் ஆளுநர் பதவி போனது. வில்சன் அந்த ஆண்டே கல்கத்தாவில் இறந்தார்.

ஆட்களோடு கொள்கையும் வந்தது. இங்கிலாந்தில் ஏழையின் ரொட்டிக்காகப் பேசப்பட்ட தடையற்ற வணிகம், இங்கே ஆட்சியாளர்களின் மாற்ற முடியாத விதியாக இறுகியது. 1873-74-ல் பீகாரில் வறட்சி வந்தபோது பிரிட்டிஷ் அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் பர்மாவிலிருந்து லட்சக்கணக்கான டன் அரிசி வாங்கி இறக்கினார், சாவு மிகக் குறைவு. வீண் செலவு என்று அவருக்கு வசைதான் கிடைத்தது. 1876-ல் தாது வருஷப் பஞ்சம் சென்னை மாகாணத்தைப் பிடித்தது. சென்னை அரசு தானியம் வாங்கிச் சேர்த்துவைக்க முனைந்தது, தனியார் வணிகத்தில் தலையிடாதே என்று வைஸ்ராய் லிட்டனின் அரசு தடுத்தது. அதே டெம்பிள் இந்த முறை சிக்கனம் காட்ட வந்து, நிவாரண வேலை செய்பவருக்கு நாளுக்கு ஒரு பவுண்டு தானியத்துக்கான காசும் கூடவே ஓர் அணாவும் போதும் என்றார். ஒரு பவுண்டு என்பது அரைக் கிலோவுக்கும் குறைவு. சென்னைக் கடற்கரையில் வியாபாரிகள் இறக்கிய தானியம் மூட்டை மூட்டையாக அடுக்கிக் கிடந்தது, வாங்கக் காசில்லாதவர்கள் அதைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்கள். தெற்கிலும் தக்காணத்திலுமாக 50 லட்சம் பேருக்கு மேல் செத்தார்கள்.

தானியம் வாங்க முனைந்த அந்தச் சென்னை ஆளுநர் மூன்றாம் பக்கிங்காம் பிரபு. அவருடைய அப்பா இரண்டாம் பிரபு, "விவசாயிகளின் நண்பன்" என்று பெயர் எடுத்த தானியச் சட்டக்காரர். 1842-ல் பீல் வரியைக் குறைத்ததற்காக அமைச்சர் பதவியையே விட்டவர். அடையாறுக்கும் கூவத்துக்கும் நடுவே சுமார் 8 கிலோமீட்டர் கால்வாய், பஞ்ச நிவாரண வேலையாக 1877-78-ல் பட்டினிக்காரர்களை வைத்து வெட்டப்பட்டது. பக்கிங்காம் கால்வாய்க்கு அந்தப் பெயர் வந்தது இந்த மகன் பிரபுவால்தான். மயிலாப்பூர்ப் பக்கம் பறக்கும் ரயிலில் போகும்போது கீழே தெரிவது அந்தத் துண்டு.